ரிகர்சல் டீச்சருக்குத் திட்ட ஓர் ஆள் தேவை

இந்த உலகத்தில் எதையும் ஒரு தடவை பொய்யாகச் செய்து பார்க்காமல் நிஜமாகச் செய்யாத ஒரே மனுஷி எங்கள் ரிகர்சல் டீச்சர்தான். தும்மல் வந்தால்கூட முதலில் சின்னதாக ஒன்று போட்டுப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைக் கவனித்து, அப்புறம்தான் பெரிய தும்மலைப் போடுவார். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். சம்பளப் பட்டியலில் அதைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் திருவண்ணாமலையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ரிகர்சல் டீச்சர் என்றால் ஆட்டோக்காரர் கேட்காமலே வண்டியைத் திருப்புவார். எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தார். எடுத்த கணக்கை விட நடத்திய ஒத்திகைதான் ஜாஸ்தி.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை, முழு ஆண்டுப் பரீட்சை வருவதற்குள் கல்யாணப் பந்தலில் நாற்காலி தூக்கப் போய்விட்டேன். இன்றைக்கு மூவாயிரம் நாற்காலி, நாற்பது அண்டா, பன்னிரண்டு சாமியானா, இரண்டு லோடு வண்டி. தீபத்துக்கு இந்த ஊருக்கு வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் பாதி என்னுடையது. மீதிப் பாதியும் என்னிடம் வாங்கிப் போனதுதான், திருப்பிக் கொடுக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் காலையில் டீச்சர் என் கடை வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பெரிய பை, கையில் ஒரு பட்டியல்.

“அண்ணா, ஒரு மேஜை வேணும். கம்பி வெச்ச ஜன்னல் மாதிரி ஏதாச்சும் ஒண்ணு வேணும். அப்பறம் ஒரு மோசமான ஆள் வேணும்.”

என் வயதுக்கு ‘ஐயா’ என்று கூப்பிட்டிருக்கலாம். ‘அண்ணா’ என்றார். அங்கேயே நான் பாதி கவிழ்ந்துவிட்டேன். ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. மோசமான நாற்காலி கேட்டு வந்தவர்கள் உண்டு, விருந்தாளி சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று. மோசமான ஆள் கேட்டு யாரும் வந்ததில்லை.

“ஆள் எதுக்கும்மா?”

“பசங்களைத் திட்றதுக்கு.”

“அதுக்குத்தான் ஸ்கூல்ல உங்களை எல்லாம் வெச்சிருக்காங்களே?”

“நாங்க திட்டி அவங்களுக்குப் பழகிப் போச்சுங்கண்ணா. சிரிக்கறாங்க.” டீச்சர் மேஜை மேல் பையை வைத்தார். “எங்க பசங்க மார்க்கு வாங்கிடறாங்க. அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது. மார்க் ஷீட்டை எடுத்துகிட்டு காலேஜ் கவுண்டர் வரைக்கும் போறாங்க. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் ‘என்ன?’ன்னு ஒரு சத்தம் போட்டா, ஒண்ணும் இல்ல சார்னு திரும்பி வந்துடறாங்க. வீட்டுல கேட்டா சீட்டு இல்லயாம்னு சொல்லிடறாங்க. சீட்டு இருந்துச்சுண்ணா. கேக்கத்தான் வாய் வரல.”

“என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நேத்து நீங்க லோடு ஏத்தறவங்களைத் திட்டிகிட்டு இருந்தீங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்னேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

ஒரு மனுஷனின் திறமையை ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண் எத்தனை பேருக்கு இருக்கும்? ஆனாலும் என் கொள்கையை விட்டுக்கொடுக்க முடியுமா? “இத பாருங்க டீச்சர், படிச்சாதான் மேல வர முடியும்னு எவன் சொன்னான்? என்னைப் பாருங்க. அஞ்சாவது. மூவாயிரம் நாற்காலி” என்றேன்.

“உங்களோட சேந்து நாற்காலி தூக்க வந்தவங்க எத்தனை பேருங்கண்ணா?”

“இருபது பேர் இருப்போம்.”

“மத்த பத்தொன்பது பேர் இப்போ எங்க இருக்காங்க?”

அந்தப் பத்தொன்பதில் இரண்டு பேர் எங்களுக்குப் பின்னால் வண்டியில் அண்டா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அறுபது தாண்டிய முதுகுகள். நான் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் பார்க்கவில்லை, பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையை வாடகை இல்லாமல் கொடுத்தேன். ஆளாக நானே போனேன்.

சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் என் கவுண்டர் திறக்கும். கோழிக் கூண்டின் கம்பி வலை ஒன்றைக் கழற்றி மேஜை மேல் நிறுத்தியிருந்தோம். அதற்குப் பின்னால் நான். டீச்சர் எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பேங்க், தாலுகா ஆபீஸ், கரண்ட் ஆபீஸ் என்று எல்லா ஜன்னலிலும் ஐம்பது வருஷம் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு. வாங்கியதை எல்லாம் வட்டியோடு எடுத்துவிட்டேன்.

“என்னா? போட்டோ எங்க? இது இன்னா போட்டோ, உன் தம்பியுதா? ஜெராக்ஸ் எத்தினி? ரெண்டா? மூணு கேட்டா ரெண்டு குடுப்பியா? போ போ, சாப்பாட்டு நேரம்!”

“சார், மணி நாலரை சார்” என்பான் பையன்.

“அப்போ டிபன் நேரம்!”

பையன்கள் முதல் வாரம் அழுதார்கள். இரண்டாம் வாரம் முறைத்தார்கள். மூன்றாம் வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சார், நான் சீரியல் நம்பர்படி வந்திருக்கேன். நீங்க பாத்து அனுப்புற வரைக்கும் இங்கதான் நிப்பேன்” என்றார்கள். டீச்சர் பின்னால் நின்று நோட்டில் டிக் அடிப்பார். பிள்ளைகள் பக்கம் மட்டும் நாற்காலி போடக்கூடாது என்பது அவர் உத்தரவு. “எந்தக் கவுண்டர்லயும் உங்களை உக்காரச் சொல்ல மாட்டாங்க. நின்னுகிட்டே பேசிப் பழகுங்க” என்பார். மூவாயிரம் நாற்காலி வைத்திருப்பவன் எதிரே ஒரே ஒரு நாற்காலிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால், அது நடிப்பு இல்லையா?

கவுண்டரோடு நிறுத்தினாரா? இல்லை. வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆபீஸுக்கு இருபது பிள்ளைகளை அழைத்துப்போய், கியூவில் நிற்கப் பழக்கினார். எந்த வேலைக்காகவும் இல்லை, சும்மா நிற்க. இருபது பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்த ஜனங்கள் ஏதோ தருகிறார்கள் என்று பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். அரை மணியில் வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. முதல் பையன் ஜன்னலை எட்டியதும், “ஒண்ணும் இல்ல சார், நின்னு பாத்தோம், தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அடுத்தவனும் அதையே சொன்னான். இருபத்தோராவது ஆள் கீழ்பென்னாத்தூர் விவசாயி. அவர் டீச்சரைக் கேட்ட கேள்விகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

சென்னை ரயில் நிலையத்தில் ஓடுகிற படிக்கட்டைக் கண்டு பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று, என் பந்தல் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, இரண்டு பேர் கயிறு கட்டி மெல்ல இழுக்க, ஓடுகிற பலகையில் ஏறி இறங்கப் பழக்கினார். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த ஹெட்மாஸ்டர் தானும் கால் வைத்தார். பலகை போனது, அவர் போகவில்லை. நேராக என் பெரிய அண்டாவில் உட்கார்ந்தார். அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பழக வேண்டும் என்று தண்ணீர் சாம்பாரும் உருண்டைச் சோறும் சமைக்கச் சொன்னார். பிள்ளைகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, “மிஸ், ஹாஸ்டல் இவ்ளோ நல்லா இருக்குமா?” என்றார்கள். அந்த ஒத்திகையை மட்டும் டீச்சர் மறுபடி வைக்கவில்லை.

இங்கிலீஷ் பேசிப் பழக, கிரிவலப் பாதையில் போன ஒரு வெள்ளைக்காரரை ஒரு பையன் மடக்கி, மனப்பாடம் செய்த மாதிரியே, “சார், வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்?” என்று கேட்டான். அவர் நின்று, கை கூப்பி, “அடி அண்ணாமலைல தங்கியிருக்கேன் தம்பி. சாப்ட்டீங்களா?” என்றார். பையன் அன்றிலிருந்து தமிழ் பேசவே பயந்தான்.

இப்படி எல்லோரும் தேறி வந்தார்கள், ஒரே ஒரு பெண்ணைத் தவிர. அவள் பெயர் சத்யா.

சத்யாவின் அம்மா பூங்காவனம் என் குடோனில் அண்டா கழுவுகிறவள். அப்பன் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கொண்டுபோனோம், நானும் கூட இருந்தேன். பௌர்ணமி அன்று அம்மாவும் மகளும் கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்பார்கள். அங்கே சத்யாவின் குரலைக் கேட்க வேண்டும். “கற்பூரம் வாங்குங்கண்ணா, வாங்குங்கக்கா, சாமிக்கு ஏத்துங்கண்ணா!” லட்சம் பேர் நடக்கிற சத்தத்தில் அவள் குரல் தனியாகக் கேட்கும். கணக்கில் வகுப்பிலேயே முதல். சென்னையில் ஒரு அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள், ஹாஸ்டலோடு. அது கிடைக்காவிட்டால் ஜவுளிக் கடையில் நிற்க வேண்டியதுதான். பூங்காவனம் அங்கே சொல்லியும் வைத்துவிட்டாள்.

“கணக்குதானே? அத இங்கயே போட்டுகினு இருக்கட்டுமே. மெட்ராஸுக்குப் போனாதான் ரெண்டும் ரெண்டும் நாலு ஆவுமா?” என்பாள் பூங்காவனம். ஆனால் மகள் படிக்கிற நோட்டை எல்லாம் அரிசி டின்னுக்குள் வைத்துப் பூட்டுவாள், எலி கடிக்காமல்.

அந்தப் பெண் என் கவுண்டருக்கு வந்தால் ஊமை. ஆறு சனிக்கிழமை வந்தாள். ஆறு தடவையும், “சார்…” அவ்வளவுதான்.

“விக்கறப்போ வர்ற குரல், கேக்கறப்போ வர மாட்டேங்குதுண்ணா” என்றார் டீச்சர். கவுன்சிலிங்கில் கூப்பிட்ட நேரத்தில் வாயைத் திறந்து இன்ன பாடம் வேண்டும் என்று கேட்காவிட்டால், சீட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் பாக்கி.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை நான் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. என் வாயில் தானாக வந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு பேங்கில் கடன் கேட்டு நின்றபோது, சேர் தூக்குகிறவனுக்கு லோன் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அதேதான், ஆளை மட்டும் மாற்றி வந்தது.

“கற்பூரம் விக்கற பொண்ணுக்குக் காலேஜ் எதுக்கு?”

டீச்சரின் பேனா நின்றது. ‘அடப்பாவி, ஜாஸ்தியா போய்ட்டியே’ என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன். சத்யா தலையைத் தூக்கினாள். கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் அந்தக் கிரிவலக் குரல். பெயர், ஊர், பள்ளிக்கூடம், மார்க்கு, பாடம், ஹாஸ்டல், எத்தனை ஜெராக்ஸ் என்பது வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, “கற்பூரம் விக்கறதுக்கும் கணக்கு வேணும் சார்!” என்றாள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நான் கோழிக் கூண்டுக்குப் பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

கவுன்சிலிங் அன்று என் வண்டியிலேயே சென்னைக்குப் போனோம். டீச்சர், பூங்காவனம், சத்யா, நான். வழி முழுக்க டீச்சர் அவளை ஒப்பிக்க வைத்தார். செஞ்சிக்கு ஒரு தடவை, திண்டிவனத்துக்கு ஒரு தடவை. தயார். முழு தயார்.

ஹாலுக்குள் பெற்றோர் ஒருவருக்குத்தான் அனுமதி. பூங்காவனம் கூடப் போனாள். நானும் டீச்சரும் வெளியே ஜன்னல் ஓரம் நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே கம்பி வலை இல்லை, கவுண்டர் இல்லை. ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை. எதிரே ஒரு நாற்காலி.

சத்யாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள். பேராசிரியை தலை நிமிர்ந்து சிரித்தார்.

“வாம்மா. திருவண்ணாமலையா? அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கியா? உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?”

அவ்வளவுதான். சத்யாவின் முகத்தில் ரத்தம் இல்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரமாக நின்றாள்.

“உக்காரு கண்ணு. பயப்படாத. எந்த கோர்ஸ் வேணும்?”

பேச்சில்லை.

“கணக்குல ரெண்டே சீட்டுதான் இருக்கு. அதுவா கேட்டிருந்த?”

“சொல்லேண்டி…” என்று பூங்காவனம் இடித்தாள். பெண்ணின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

“என்னண்ணா ஆச்சு? வண்டியில அவ்ளோ நல்லா சொன்னாளே!” என்று டீச்சர் என் கையைப் பிடித்தார்.

எனக்குத்தான் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், உள்ளே இருந்து ஒரு டாக்டர் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பூங்காவனத்திடம் சொன்னார்: ‘உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?’ அப்புறம்தான் அந்தச் சேதியைச் சொன்னார். சத்யா பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் பதினேழு வருஷத்தில் ஆபீஸ் மாதிரி ஒரு இடத்தில் அவர்களை உட்காரச் சொன்னது அந்த ஒரே ஒரு தடவைதான். இப்போது அவளுக்குச் சீட்டு போய்விட்டது, அதைத்தான் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

டீச்சரிடம் இரண்டே வரியில் சொன்னேன். அவர் ஒரு நொடிதான் யோசித்தார்.

“அப்போ திட்டுங்கண்ணா.”

“இங்கயா?”

“அடுத்த பேரைக் கூப்பிடப் போறாங்க. திட்டுங்க!”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் நுரையீரலில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

“ஏய் பொண்ணு! இன்னா நின்னுகினே இருக்க? பின்னாடி கியூ நிக்குதே, கண்ணு தெரியல? கற்பூரம் விக்கறவளுக்குக் கணக்கு எதுக்கு? வேணும்னா வாயத் தொறந்து கேளு, இல்லன்னா நடையக் கட்டு!”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சத்யா மட்டும் திரும்பவில்லை. முதுகு நிமிர்ந்தது.

“பேரு ப. சத்யா! திருவண்ணாமலை, அரசு மேல்நிலைப் பள்ளி! பி.எஸ்சி. கணக்கு வேணும்! தமிழ் மீடியம் இருந்தா தமிழ், இல்லன்னா இங்கிலீஷ்! ஹாஸ்டல் கட்டாயம் வேணும்! மார்க் ஷீட்டு, டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் ஒரிஜினல் இருக்கு, ஜெராக்ஸ் மூணு செட்டு! போட்டோவுக்குப் பின்னாடி பேரு எழுதியிருக்கேன்! கற்பூரம் விக்கறதுக்கும் கணக்கு வேணும் சார்!”

தன்னைச் ‘சார்’ என்று கூப்பிட்டதைப் பற்றிப் பேராசிரியை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. ஃபைலை வாங்கினார், பார்த்தார், எழுதினார். அதற்குள் இரண்டு வாட்ச்மேன்கள் என்னை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துவிட்டார்கள். சொந்த உழைப்பில் முன்னுக்கு வந்த என்னை!

கொஞ்ச நேரம் கழித்துப் பேராசிரியையே வெளியே வந்தார். கோபமாக.

“யாருங்க நீங்க? ஒரு சின்னப் பொண்ணை இப்படியா பேசறது? நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?”

டீச்சர் முன்னால் வந்து நின்றார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அவரு எங்க கவுண்டர் மேடம்.”

முழுக்கதையையும் கேட்ட பிறகு அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாட்ச்மேன் பக்கம் திரும்பி, “விடுங்க அவரை. ஒரு நாற்காலி கொண்டாந்து போடுங்க. உக்காரட்டும்” என்றார். மூவாயிரம் நாற்காலிக்காரன் அந்த ஒரு நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

திரும்பும்போது திண்டிவனத்தில் டீ குடித்தோம். பூங்காவனம் அனுமதிக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் டீ மட்டும் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன டீச்சர்? சீட்டுதான் கெடச்சாச்சே.”

“தப்பு என் மேலதாண்ணா. திட்டு வாங்கப் பழக்கினேன். யாராச்சும் நல்லா நடத்தினா என்ன பண்ணணும்னு பழக்கவே இல்ல. அதையும் எதிர்பாக்கலாம்னு எனக்கே தோணல பாருங்க.”

அடுத்த சனிக்கிழமை கோழிக் கூண்டு வலைக்குப் பக்கத்தில் புதுசாக இன்னொரு மேஜை. அன்பான கவுண்டர். எதிரே என் நாற்காலிகளில் நல்லதாகப் பார்த்து ஒன்று. அதற்கும் நானே ஆள் என்று பெருமையாகப் போய் உட்கார்ந்தேன். “உக்காரும்மா” என்றேன். புதுசாகப் பிளஸ் டூவுக்கு வந்தவர்களில் முதலில் நின்ற பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அடுத்த பையனிடம், “தண்ணி குடிக்கிறியா?” என்றேன். அவன் இரண்டு கையையும் தூக்கி, “சார், நான் ஒண்ணும் பண்ணல சார்” என்றான்.

“அண்ணா, நீங்க எழுந்துக்குங்க” என்றார் டீச்சர்.

வாழ்க்கையில் நான் தோற்ற ஒரே வேலை அதுதான். கடைசியில் அந்த இடத்தில் பூங்காவனம் உட்கார்ந்தாள். டீச்சரின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அண்டா கழுவிய ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, “வா சாமி, குந்து, இன்னா படிக்கப் போற?” என்றாள். அந்த அளவுக்கு அன்பான பேராசிரியை எந்தக் கல்லூரியிலும் இருக்க முடியாது.

சத்யா சென்னைக்குக் கிளம்புகிற நாள் வந்தது. அதற்கும் ஒத்திகை நடந்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தின வருஷம் ஒரு பையன் சீட்டு வாங்கி பஸ் ஏறியபோது, அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், அவன் கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அதிலிருந்து டீச்சர் அம்மாக்களுக்கும் பஸ் ஸ்டாண்டில் பயிற்சி வைத்துவிட்டார். கையை ஆட்ட வேண்டும், சிரிக்க வேண்டும், பஸ் திரும்புகிற வரை அழக் கூடாது.

பூங்காவனம் முதல் தரத்தில் தேறினாள். கையை ஆட்டினாள், சிரித்தாள். பஸ் திரும்பியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். மூன்று பேரும் வண்டியில் ஏறி பஸ் பின்னாலேயே போனோம்.

கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றது. நாங்கள் எதிர்ப் பக்கம் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு மூட்டை இறங்கியது. அப்புறம் சத்யா இறங்கினாள்.

“போச்சு” என்றார் டீச்சர்.

“அடியேய்…” என்று பூங்காவனம் கதவைத் திறந்தாள்.

சத்யா பெட்டிக் கடைக்குப் போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். திரும்பும்போது எங்களைப் பார்த்துவிட்டாள். சாலையின் குறுக்கே பஸ், லாரி, டிராக்டர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என் குரலில், அசல் என் குரலில், கத்தினாள்:

“இன்னா இங்க கும்பல்? இன்னிக்கு டைம் முடிஞ்சுது! போங்க போங்க, நாளைக்கு வாங்க!”

பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் செஞ்சிப் பக்கம் போய்விட்டது. டீச்சர் அழுதுகொண்டே நோட்டை எடுத்து அதில் ஒரு டிக் அடித்தார்.

இப்போது சத்யா மூன்றாம் வருஷம். விடுமுறைக்கு வந்தால் என் கணக்குப் பிள்ளையைத் திருத்துகிறாள், என்னையும் சேர்த்து. டீச்சருக்கு ஆரணிப் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது. அங்கே திட்டுவதற்குச் சரியான ஆள் அமையவில்லையாம். சனிக்கிழமை நான்கு மணிக்கு போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கம்பி வலைக்குப் பின்னால் வைத்துவிடுகிறார். நான் குடோனில் உட்கார்ந்து முகம் தெரியாத பிள்ளைகளைத் திட்டுகிறேன். ஆரணியில் என் பெயரைக் கேட்டாலே நடுக்கம் என்கிறார்கள். சின்ன வயதில் இந்த மரியாதை கிடைத்திருந்தால் நாற்காலி நாலாயிரம் ஆகியிருக்கும்.

வருகிற பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். கடைக்கு வராமல் போக மாட்டார். நல்ல நாற்காலி ஒன்றைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். குடோனில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதன் முன்னால் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்: “வாங்க டீச்சர். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

இன்னும் சரியாக வரவில்லை. பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கிறது.